நீ பென்சிலில் எழுதியிருந்த நாலு இலக்கம்

கே.கே. நகர், மதுரை.

மோகனுக்கு,

நீ என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன. ஒன்று மூன்று வருஷத்துப் பழசு. அதற்கு அன்றைக்கே ஒரு பதில் சொன்னேன், அது பொய். இன்னொன்று போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் நீ கேட்டது. அதற்கு வாயைத் திறக்காமல் எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடி கழுவினேன். வருகிற வியாழக்கிழமை நீ மும்பைக்கு ரயில் ஏறுகிறாய். அதற்குள் இரண்டுக்கும் பதில் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உன் பெட்டிக்குள் மடித்து வைத்தால் போதாதா, எதற்கு நாலு பேர் படிக்கிற மாதிரி அச்சுக்குக் கொடுக்கிறாய் என்று கேட்பாய். பழி உன்மேல் விழுந்தது நம் வீட்டுக்குள் அல்ல. சமயநல்லூரில் ஒரு மெஸ்ஸில், மத்தியானம் இலை போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் விழுந்தது. பொதுவில் கெட்ட பெயரைப் பொதுவில்தான் துடைக்க வேண்டும். அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், விவரம் பின்னால் வரட்டும். பேச்சியம்மாளின் மெஸ் ரெஸ்டாரண்ட் இல்லை என்று வங்கிப் படிவத்தில் எழுதியது நீ இல்லை. நான்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் ஒரு பெண்கள் பள்ளியில் நூலகராக இருந்தேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தேன், படித்த இடத்திலேயே வேலையும் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் என்னை நூலக உதவிக்குப் போட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். மனிதன் இதுவரை யோசித்தது எல்லாம் பத்து வகுப்புக்குள் அடங்கிவிடும், இனி யோசிக்கப் போவதற்கும் அதற்குள் இடம் விட்டிருக்கிறது என்று சிஸ்டர் சொன்னபோது எனக்கு மூச்சே ஒரு கணம் நின்றது. கடவுளைப் பற்றிய புத்தகத்துக்கும் கோழி வளர்ப்புப் புத்தகத்துக்கும் ஒரே ஒழுங்கில் ஆளுக்கோர் இடம்! அந்த வியப்பு எனக்கு இந்த வயதிலும் தீரவில்லை. தப்பான அலமாரியில் வைத்த புத்தகம் தொலைந்துபோன புத்தகத்தைவிட மோசம் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தொலைந்தால் வேறு வாங்கலாம். இடம் மாறிய புத்தகம் பட்டியலில் இருக்கும், கட்டடத்துக்குள்ளேயே இருக்கும், கேட்டவர் கைக்கு மட்டும் போய்ச் சேராது. என் கையில் அப்படி ஒன்று நடந்ததில்லை என்று ஓய்வு பெற்ற நாளில் மேடையில் நின்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நீ வங்கியில் கார்டு தேய்க்கிற மெஷின் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு அதில் பெரிய மதிப்பு வரவில்லை. பைக்கில் வெயிலில் சுற்றி, கடைக்காரர்களிடம் மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற வேலைக்கா எம்.காம். படித்தாய் என்று கேட்டேன். ஒருநாள் சாயங்காலம் தடியான நகல் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டாய்.

"என்னடா இது?"

"டெலிபோன் டைரக்டரி மாதிரிம்மா. ஆனா ஆள் பேரு இருக்காது, தொழில் பேருதான். உலகத்துல என்னென்ன கடை உண்டோ, ஒவ்வொண்ணுக்கும் நாலு இலக்கம்."

அன்றைக்கு நான் சமைக்கவில்லை, நினைவிருக்கிறதா? பன் வாங்கிவந்து சாப்பிட்டோம். நான் அந்தக் கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். பூக்கடைக்கு ஓர் எண், முடிதிருத்தும் கடைக்கு ஓர் எண், சவப்பெட்டி செய்கிறவருக்குக்கூட ஓர் எண். உட்கார்ந்து சாப்பிடுகிற கடை 5812. நின்று வாங்கிக்கொண்டு போகிற துரித உணவு 5814. தங்கும் விடுதி 7011. ரொட்டிக்கடை வேறு, மிட்டாய்க்கடை வேறு. எங்கள் சிஸ்டர் புத்தகங்களுக்குச் செய்ததை யாரோ ஒருவர் உலகத்துக் கடைத்தெருவுக்கே செய்து வைத்திருக்கிறார். உங்கள் வங்கிக் கார்டில் சாப்பாட்டுக்குச் செலவு செய்தால், பின்னால் பரிசாக மாற்றிக்கொள்கிற புள்ளிகள் ஐந்து மடங்கு என்று விளம்பரம் செய்தார்களே, அதைக் கேட்டேன். ஒருவர் சாப்பிட்டாரா, சட்டை வாங்கினாரா என்று மும்பையில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

"அதுக்குத் தெரியாதும்மா. கடைக்கு என்ன நம்பர் போட்டிருக்கோ, அதுதான் தெரியும். 5812னா சாப்பாடு. அங்க போயி ஒருத்தர் கூஜா வாங்கினாலும் அது சாப்பாடுதான். சாப்பாட்டுக் கடைக்கு வேற நம்பர் போட்டுட்டா, தலைகீழா நின்னு பிரியாணி தின்னாலும் சாப்பாடு இல்ல."

"அந்த நம்பரை யாரு போடுறது?"

"மதுரைக்கா? நாந்தான்."

சொல்லிவிட்டு நீ சாதாரணமாக பன்னைப் பிய்த்துத் தின்றாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தன் காலுறையின் ஜோடியைத் தேட அம்மாவைக் கூப்பிடுகிற பிள்ளை, இந்த ஊரில் ஒரு கடை என்ன கடை என்று உலகத்துக்குச் சொல்லப்போகிறான்! எங்கிருந்தோ கோயில் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் இங்கே கார்டைத் தேய்ப்பார். அவருடைய ஊர் வங்கி கடல் தாண்டி அந்த நாலு இலக்கத்தைக் கேட்கும், கேட்டதை அப்படியே நம்பும். கடையைப் பார்க்காது, பலகையைப் படிக்காது, குழம்பின் வாசனை அதற்குப் போய்ச் சேராது. இதைவிடப் பெரிய நம்பிக்கையை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

அடுத்த வாரமே அதைச் சோதித்துக் காட்டுகிறேன் என்று ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு என்னைக் கூட்டிப் போனாய். மேலே அறைகள், கீழே சாப்பாடு, இரண்டுக்கும் ஒரே மெஷின். நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். சட்னியில் உப்பு கூடுதல் என்று நான் சர்வரிடம் சொன்னதற்கு நீ என் காலை மிதித்தாய். மாதக் கடைசியில் கார்டின் பட்டியல் தபாலில் வந்தது. அந்த நெய் ரோஸ்ட்டுக்கு ஐந்து மடங்கு வரவில்லை, சாதாரணப் புள்ளிதான். "பாத்தியா, நாம சாப்பிட்டதை அவங்க தூங்கினதா எழுதிட்டாங்க" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். தப்பான அலமாரி என்றால் என்ன என்பதை ஒரு தோசையை வைத்து நீ எனக்குக் காட்டினாய். அதைப் பார்த்த பிறகும்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

உன் கையெழுத்து கோழிக்கிறுக்கல். சின்ன வயதிலிருந்தே பென்சிலைக் குத்திக் குத்தி எழுதுவாய். ஒரு பக்கத்தில் எழுதினால் அடுத்த மூன்று பக்கத்திலும் பள்ளம் விழும். நோட்டு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று உன் அப்பா கடிந்துகொள்வார். உன் படிவங்கள் படிக்க முடியவில்லை என்று மும்பையிலிருந்து திரும்பி வந்தன. நான் எழுதித் தருகிறேன் என்றேன். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நமக்கென்று ஒரு முறை உண்டானது. நீ எல்லாக் கட்டங்களையும் பென்சிலில் நிரப்பித் தருவாய். நான் அதன்மேல் மையில் எழுதுவேன். மை காய்ந்ததும் ரப்பரால் பென்சில் கோட்டைத் துடைப்பேன். கடைசியில் நீ கையெழுத்துப் போடுவாய். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லி உன்னை வளர்த்தவள் நான். நான் எழுதியதில் மட்டும் நீ படிக்காமல் போட்டாய். அந்தச் சாயங்காலங்களில் நான் திரும்பவும் வேலைக்குப் போகிறவள் மாதிரி இருந்தேன். பஃப்ஸ் விற்கிற பேக்கரியில் நாலு மேசை போட்டிருந்தால் அது எந்த எண் என்று நாம் ஒரு மணி நேரம் வாதாடினோம். நீ மறுநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மேசையில உக்காந்திருக்கவங்க எல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கவங்கம்மா, பேக்கரிதான்" என்றாய். அப்படித்தான் செய்ய வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

பேச்சியம்மாளின் படிவத்தை எனக்கு முன்னால் வைத்தபோது அந்தக் கடையைப் பற்றி நீ வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாய். திண்டுக்கல் ரோட்டில், ஒரு தொழிற்சாலைக்கு எதிரில் இருக்கிறது. அங்குள்ள அதிகாரிகள் எல்லாம் மத்தியானம் வந்து சாப்பிடுகிறார்கள். தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் அவர்களுக்காகவே டைல்ஸ் போட்டு ஒரு புது அறை கட்டியிருக்கிறாள். அவர்கள் கையில் கார்டு இருக்கிறது, அவளிடம் மெஷின் இல்லை. நீ சொல்லிச் சொல்லி அவள் சம்மதித்திருக்கிறாள். பிறகு நீ குளிக்கப் போய்விட்டாய். நான் ஒவ்வொரு கட்டமாக மையில் எழுதிக்கொண்டு வந்தேன். தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் என் பேனா நின்றது. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். சமயநல்லூரில் உன் அப்பா வீட்டாருக்கு இருந்த வயலில் அவர் மடை பார்த்தார், அவர் மனைவி நாற்று நட்டாள். கல்யாணமான புதிதில் நடவு நாட்களில் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று அவர்களுக்குக் கூழ் ஊற்றியிருக்கிறேன். பாத்திரம் பாத்திரத்தில் படாமல், உயரத்திலிருந்து. அம்மாவோடு ஒரு சின்னப் பெண்ணும் வரும்.

தொழில் வகை என்ற கட்டத்தில் நீ பென்சிலில் 5812 என்று எழுதியிருந்தாய். அதை அழித்துவிட்டு மையில் 5499 என்று எழுதினேன். இதர உணவுப் பொருள் கடைகள் என்று அதற்கு அர்த்தம். வேறு எதிலும் சேராத பண்டக் கடைகளை ஒதுக்கி வைக்கிற மூலை அது. ரெஸ்டாரண்ட் என்ற சொல்லுக்கு ஒரு தகுதி வேண்டும், பெஞ்சு போட்ட தகரக் கொட்டகைக்கு அது பொருந்தாது, வகைப்படுத்துகிறவள் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காரணங்கள் எல்லாம் பின்னால் வந்தவை. ரப்பர்தான் முதலில் கைக்கு வந்தது. நீ ஈரத் தலையோடு வந்து கையெழுத்துப் போட்டாய்.

பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். ஆனால் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் ஒருவர் தன் பிரிவு ஆட்கள் அத்தனை பேருக்கும் அங்கே ஒரு விருந்து கொடுத்தார். கார்டில் பணம் கட்டினார். ஐந்து மடங்கு புள்ளி சேர்த்துத் தன் மகளுக்கு ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பட்டியல் வந்தபோது ஒரு மடங்குதான் இருந்தது. வங்கிக்குப் போன் செய்தார். அது சாப்பாட்டுக் கடையே இல்லை சார், எங்கள் பதிவில் பண்டக் கடை என்று இருக்கிறது என்றார்கள். அவர் மத்தியான நேரத்தில் மெஸ்ஸில் வந்து நின்று கத்தினார். "இது ரெஸ்டாரண்டே இல்லையாம், பேங்க்காரன் சொல்றான்! அப்ப இத்தனை நாளா எங்களை உக்கார வெச்சு நீ என்னத்தைம்மா போட்ட?" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் உன்னைக் கூப்பிட்டனுப்பினாள். நீ கிளையிலிருந்து அசல் படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினாய். "என் தப்புத்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். எண்ணை மாற்ற மனு எழுதினாய். அது மும்பைக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் அதிகாரிகள் ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், ஐந்து மடங்கு கிடைக்கிற வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள். டைல்ஸ் அறை காலியானது. கூட மாட நின்ற இரண்டு பெண்களை அவள் அனுப்ப வேண்டியதாயிற்று. உனக்கு அலுவலகத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, எனக்கு எதிரில் உட்கார்ந்து நீ கேட்டாய். "அம்மா, அந்த மெஸ் ஃபாரத்துல நான் பென்சில்ல என்ன எழுதியிருந்தேன்? நீ பாத்தியா?" இதுதான் முதல் கேள்வி. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னேன். "நீ எழுதினதைத்தான் நான் எழுதினேன். நான் என்னைக்கு மாத்தி எழுதியிருக்கேன்?" நீ எழுந்து போய்த் துண்டைக் கொடியில் போட்டாய். "சரிம்மா" என்றாய். அதற்குப் பிறகு படிவங்களை என்னிடம் கொண்டுவரவில்லை. எனக்குக் கண் வலிக்கும் என்றாய். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நீயே எழுத்தெழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாய். உன் கையெழுத்து திருந்திவிட்டது. ஒரு தாய் அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். நான் அடுக்களைக்கு எழுந்து போய்விடுவேன்.

மூன்று வருஷம் இப்படியே போயிருக்கிறது. உன்னை மும்பைக்கு மாற்றி உத்தரவு வந்த அன்று உன்னோடு வேலை பார்க்கிறவர் வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு வந்தார். தென்மாவட்டக் கடைகளுக்கு எண் போடுகிற பிரிவுக்கே உன்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். நீ சிரிக்கவில்லை. "சமயநல்லூர்ல ஒரு கடையோட மத்தியானக் கூட்டத்தையே கலைச்சவன்ணே நான். அந்த நாற்காலிக்கு நான் லாயக்கான்னு எனக்கே தெரியல" என்றாய். நான் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு, தன்னைத் தானே நம்பாமல், என் பிள்ளை அவ்வளவு பெரிய வேலைக்குப் போகிறான் என்று நினைத்தேன். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று பட்டது. உன்னிடம் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பதும் பட்டது.

மறுநாள் நீ வேலைக்குப் போன பிறகு ஆரப்பாளையம் போய் பஸ் ஏறினேன். நான் போனபோது மணி பதினொன்றரை இருக்கும். பேச்சியம்மாள் வாசல் பக்கம் சட்டியில் அயிரை மீனை உப்புப் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். டைல்ஸ் அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேலே இரண்டு மின்விசிறிகள்.

"வாங்கம்மா. சாப்பாடு பன்னெண்டு மணிக்குத்தான். மோரு தரவா?"

"சாப்பிட வரல. நான் பேங்க் மோகனோட அம்மா."

"தெரியுதே. குடை பிடிச்சு வரப்புல நிப்பீங்க. நீங்க ஊத்துற கூழு பாதி வெளியதான் விழும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மீனிலிருந்து கையை எடுக்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். "அந்த நம்பரை எழுதினது மோகன் இல்ல. அவன் சரியாத்தான் எழுதியிருந்தான். நான் அழிச்சிட்டு மாத்தி எழுதினேன்."

"எதுக்கு?"

முப்பத்தோரு வருஷம் எத்தனையோ பிள்ளைகளிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. "உங்கப்பா பேரைப் பாத்தேன்" என்றேன்.

அவள் சட்டித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். வேறு தண்ணீர் விட்டாள். "அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"நான் என்னமோ கடையிலதான் குறைன்னு நெனச்சேன். ரெஸ்டாரண்டுன்னா காத்து வரணும் போலன்னு அந்த ரூமுக்கு ரெண்டாவது ஃபேன் வாங்கி மாட்டினேன். வெங்காயத்துக்கு நல்லாக் காத்து வருது இப்ப." சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவள் மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அந்தத் தம்பி ஆபீசரை மறைக்கல. ஒங்களைத்தான் மறைச்சிருக்கு."

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"தெரியாதா? அந்த ஆளு கத்திட்டுப் போனபெறகு, இந்தா, இந்த வாசல்ல நின்னு அந்தத் தாளை வெயிலுக்குத் தூக்கிப் பிடிச்சுப் பாத்துச்சு. திருப்பிப் பாத்துச்சு. வெரலால தடவித் தடவிப் பாத்துச்சு. என்ன தம்பி இம்புட்டு நேரமா பாக்குறேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லக்கா, என் தப்புத்தான்னு சொல்லிருச்சு. தப்புப் பண்ணவனுக்குத் தாளைத் தடவிப் பாக்குற வேலை எதுக்கு? யாரையோ காப்பாத்துதுன்னு அப்பவே எனக்குத் தெரியும். மேல இருக்க ஆபீசரா இருக்கும்னு வச்சுக்கிட்டேன்."

நான் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ரப்பர் கரியைத்தான் அழிக்கும், பள்ளத்தை அழிக்காது. உன் பென்சில் எத்தனை ஆழமாகப் பதியும் என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்! 5499 என்று நான் அழகாக எழுதியதற்கு அடியில் உன்னுடைய 5812 அப்படியே கிடந்திருக்கிறது. வெயிலில் நீ அதைப் பார்த்திருக்கிறாய். பார்த்த பிறகுதான் அத்தனை பேருக்கு முன்னால் என் தப்பு என்று சொல்லியிருக்கிறாய். பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, என் எதிரில் உட்கார்ந்து, நான் என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டிருக்கிறாய். தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை அது. நானே சொல்லட்டும் என்று எனக்கு ஓர் இடம் விட்டுக் கொடுத்திருக்கிறாய். நான் கண்ணாடியைத் துடைத்தேன். எச்சரிக்கைக் கடிதத்தை மடித்து வைத்தபோதும், பதவி உயர்வு போனபோதும், அந்த நண்பரிடம் பேசியபோதும்கூட நீ வாய் திறக்கவில்லை. உன்னை நான் பெற்று, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, கண்டித்து வளர்த்தேன். எனக்கு உன்னைத் தெரியும் என்று முப்பத்து நான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டிப் போகிற அந்த எண்களைப் பார்த்து வியந்தவள், என் வீட்டில் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட உன்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் முதல்முறை நூலகத்துக்குள் நுழைந்தவள் மாதிரி இருந்தது எனக்கு.

பேச்சியம்மாள் மீனை உள்ளே கொண்டுபோய்க் குழம்பு வைத்து இறக்கிவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள். "சாப்பிடுவீங்களா இங்க?" அழைப்பு மாதிரி இல்லை, பரீட்சை மாதிரி கேட்டாள். போடுங்கள் என்றேன். இலை போட்டு, குனிந்து, கரண்டி இலையில் படும்படி ஊற்றினாள். ஒரு பருக்கை வெளியே விழவில்லை. சாப்பிட்டு முடித்ததும் உன் கணக்கிலேயே நீ எனக்கு வாங்கிக் கொடுத்த துணைக் கார்டை எடுத்தேன். "எடுப்போம்மா, இப்பத்தான் இது சாப்பாட்டுக் கடையாச்சே" என்று சொல்லி மெஷினில் தேய்த்தாள். அது போன் லைனில் மும்பையைக் கூப்பிட்டு முனகிக்கொண்டிருந்தது. சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை எட்டப் பிடித்துப் பார்த்தாள். "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா. அந்த ஃபாரத்துலயும் இப்படித்தான் இருந்துச்சு." மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை வெளியே எழுதப்போகிறேன், அவள் பெயரையும் கடையின் பெயரையும் போடலாமா என்று மட்டும் கேட்டேன். "பெருசாப் போடுங்க. எதுத்த கம்பெனிக்காரங்க படிக்கட்டும். இங்கயும் அஞ்சு மடங்கு உண்டுன்னு மறக்காமச் சேத்துப் போடுங்க" என்றாள். சேர்த்துவிட்டேன். சமயநல்லூர், திண்டுக்கல் ரோடு, பேச்சியம்மாள் மெஸ். உட்கார்ந்து சாப்பிடுகிற கடை. ஐந்து மடங்கு உண்டு. டைல்ஸ் போட்ட அறையில் இரண்டு மின்விசிறிகள் இருக்கின்றன.

மும்பையில் உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தாலும் அம்மா என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். உன் மேசைக்கு வருகிற படிவங்களில் கடையின் முகவரி இருக்கும், உரிமையாளர் பெயர் இருக்கும், அவர் தகப்பன் பெயர் இருக்கும். எண் போடுவதற்கு அந்தக் கடைசிக் கட்டம் எதற்கு என்று உன் மேலதிகாரியிடம் கேள். பதில் சரியாக இல்லாவிட்டால் அதைப் படிவத்திலிருந்து எடுக்கச் சொல்லி எழுது. உன் கையெழுத்திலேயே எழுது, இப்போது அது எல்லோருக்கும் புரிகிறது. அந்த நாற்காலிக்கு லாயக்கா என்று இனிமேல் யாரிடமும் கேட்காதே. கடையில் போய் நின்று பார்த்துவிட்டு எண் போட்ட ஒரே ஆள் எனக்குத் தெரிந்து நீதான். அந்த எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பதிலாக உன் அலுவலகத்துக்கு நானும் ஒன்று எழுதியிருக்கிறேன், நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

துணைக் கார்டில் நான் செலவு செய்தால் புள்ளி உன் பெயரில்தான் சேரும் என்பது எனக்குத் தெரியும். பட்டியலும் உன் பெயருக்குத்தான் வரும் என்பதை மறந்துபோனேன். செவ்வாய்க்கிழமை நீ உறையைப் பிரித்து வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தாய். ஓரிடத்தில் விரல் நின்றது. மெஸ்ஸின் பெயர், அதற்கு நேரே ஐந்து மடங்குப் புள்ளி. நீ என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அங்க என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாய். நான் எழுந்து ஓடிவிட்டேன்.

இரண்டுக்கும் இப்போது பதில் சொல்கிறேன்.

பார்த்தேன். நீ 5812 என்றுதான் எழுதியிருந்தாய்.

அயிரை மீன் குழம்பு. இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினேன்.

அம்மா